ஓடிக்கொண்டிருந்த பிரபஞ்சம்

அக்கா போய்ச் சேர்ந்து சில வாரங்கள் கழித்து, ஒரு வியாழக்கிழமை மதியம், அவளுடைய கணவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். வாசலில் இருந்த காவலாளியிடம், "என் வீட்டுக்காரி இங்கதான் வேலை பாத்தா. அவ ஆரம்பிச்ச வேலை இன்னும் ஓடுதாம். பாக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். காவலாளி மாடிக்குப் போன் செய்து அதை அப்படியே ஒப்பித்தபோது குருவிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கி ஓடினாள்.

குருவி என்பது அக்கா வைத்த பெயர். ஆள் சின்னது, வாய் ஓயாது என்பதால். பெரிய படிப்பெல்லாம் முடித்துத் தலையில் ஒன்றிரண்டு நரை தட்டிய பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. பதிலுக்கு இவள் மூத்தவளை அக்கா என்று கூப்பிட்டாள். இரத்த உறவு கிடையாது. பக்கத்துப் பக்கத்து மேசை, அவ்வளவுதான். அக்காவின் கணவர் என்பதால் அவர் மாமா ஆனார். மற்றவர்களுக்கு அவர் மாஸ்டர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்.

மாஸ்டர் அக்காவின் நாற்காலியில் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஓடுதாம்மா?"

"ஓடுது மாமா. நிக்கவே இல்ல."

திரையைத் திருப்பிக் காட்டினாள். கறுப்புப் பின்னணியில் ஊதா நிற இழைகள். இழைகள் சேரும் இடங்களில் சின்னச் சின்ன முடிச்சுகள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

ஓடிக்கொண்டிருந்தது ஒரு பிரபஞ்சம். வேறொரு கட்டடத்தில், குளிரூட்டிய கூடத்தில், வரிசையாக நிற்கும் கணினிகளுக்குள், கணக்குகளால் ஆன ஒரு மாதிரிப் பிரபஞ்சம். ஆரம்பத்தில் எங்கும் ஏறக்குறைய ஒரே சீரான இருட்டு. இங்கே ஒரு துளி கூடுதல், அங்கே ஒரு துளி குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். அதில் பெரும்பங்கு கரும்பொருள். அது ஒளிராது, ஒளியை மறைக்காது, எதன்மீதும் மோதி நிற்காது. எடை மட்டும் உண்டு. கொஞ்சம் கூடுதலாக இருந்த இடம் பக்கத்தில் இருப்பதை இழுக்கும். இழுக்க இழுக்க இன்னும் கூடும். அப்படிக் கரும்பொருள் முதலில் திரண்டு குழியாகும். சாதாரண வாயு, மழைத்தண்ணீர் பள்ளத்தில் இறங்குவதுபோல அந்தக் குழியில் இறங்கும். குளிரும். நட்சத்திரமாகும். அப்படித் திரளும் ஒன்று, நாம் வாழும் விண்மீன் மண்டலத்தைப் போல மெல்லிய தட்டாகச் சுழலுமா என்பதுதான் அக்காவின் கேள்வி. அந்தக் கேள்விக்காகவே அவள் பல வருடங்களைச் செலவழித்தாள்.

மாஸ்டருக்கு இதெல்லாம் புதிதல்ல. சாப்பாட்டு மேசையில் கேட்டுக் கேட்டுக் காது புளித்த விஷயம். "கண்ணுக்குத் தெரியாதது இழுக்கும், தெரியறது பின்னாடியே ஓடும். எங்க வீட்டுக் கதைதானே?" என்று முன்பெல்லாம் அவர் சொல்ல, "யாரு கண்ணுக்குத் தெரியல?" என்று அக்கா எகிறுவாள். அன்றைக்கு அவர் அந்த ஜோக்கைச் சொல்லவில்லை.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அந்தக் கணினி ஓட்டத்துக்கான ஏற்பாடுகள் பாதியில் இருந்தன. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. மருந்து கொடுக்கலாம், அது நாட்களைக் கொஞ்சம் நீட்டும், அவ்வளவுதான் என்றார். எல்லோரும் அவள் விடுப்பில் போவாள் என்று நினைத்தார்கள். அவளோ மருந்து ஏற்றாத நாட்களில் எல்லாம் தலையில் துணி சுற்றிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிடுவாள். கல்லூரியில் சேர்ந்திருந்த மகள் இதற்காக அம்மாவிடம் சண்டை போட்டாள், அப்பாவிடம் சண்டை போட்டாள், கடைசியில் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. அம்மாவைவிட ஒரு சாண் உயரமான பாப்பா.

ஓட்டத்தைத் தொடங்கும் விசையை அக்காதான் தட்டினாள். அதன்பின் அவளால் வர முடியவில்லை. அவள் கண்ணை மூடிய நாளில், உள்ளே இருந்த பிரபஞ்சத்தில் முதல் நட்சத்திரங்கள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன.

முதல் வியாழக்கிழமைக்குப் பிறகு மாஸ்டர் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வந்தார். மதிய வகுப்புக்கும் சாயங்கால வகுப்புக்கும் நடுவில் கிடைக்கும் நேரம். ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி வருவார், அதை மேசையில் வைத்துவிட்டு, "இந்த வாரம் எங்க வரைக்கும் வந்திருக்கு?" என்பார், நெடுஞ்சாலைப் பயணம் போனவர்களை விசாரிப்பதுபோல. குருவி விளக்குவாள். இந்த முடிச்சு அந்த முடிச்சோடு சேர்ந்துவிட்டது, இந்த இழை தடித்துவிட்டது. நாலைந்து வாரத்தில் அவர் அக்காவின் நாற்காலியில் உட்காரப் பழகிக்கொண்டார்.

"பாப்பாவையும் கூட்டிட்டு வாங்களேன் மாமா."

"வரமாட்டா. 'அம்மாவோட கடைசி நாளையெல்லாம் தின்ன இடம் அது, அங்க என்ன வேலை எனக்கு'ங்கறா." கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "நான்தான் சமாதானம் சொல்லிட்டிருக்கேன். அம்மா பெரிய காரியம் பண்ணிட்டுப் போயிருக்காம்மா, முடியட்டும், அப்ப உனக்கே தெரியும்னு."

கோளாறு குருவியின் கண்ணில் பட்டது மழைக்காலத் தொடக்கத்தில். கூர்ந்து பார்க்கவென்று அக்கா தேர்ந்தெடுத்திருந்த ஒரு மண்டலம் தட்டையாகவில்லை. நடுவில் நட்சத்திரங்கள் மேலும் மேலும் குவிந்து, இறுகி, ஒரு கட்டியாகிக்கொண்டிருந்தன. முதலில் இது மண்டலத்தின் சின்ன வயதுக் குழப்பம், போகப் போகச் சரியாகும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். பக்கத்து மண்டலங்களைப் பார்த்தாள். அவையும் கட்டிகள். அதற்குமேல் சமாதானம் சொல்ல முடியவில்லை.

பெரிய நட்சத்திரங்கள் வெடித்துச் சாகும். அந்த வெடிப்பு சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்கி வெளியே தள்ளும். அந்தத் தள்ளல் இல்லாவிட்டால் வாயு முழுவதும் ஒரேயடியாக உள்ளே விழுந்து, அவசர அவசரமாக நட்சத்திரமாகித் தீர்ந்துவிடும். தட்டாகச் சுழல ஒன்றும் மிஞ்சாது. வெடிப்பின் ஆற்றலை ஓட்டத்துக்குள் ஓர் எண்ணாகக் கொடுத்திருந்தார்கள். அந்த எண்ணில் ஒரு பூஜ்யம் குறைந்திருந்தது. முன்னால் செய்த சின்னச் சோதனைகளில் எல்லாம் சரியாகவே இருந்தது. கடைசி மாதங்களில் ஓர் அலகிலிருந்து இன்னொரு அலகுக்கு மாற்றும்போது நழுவியிருக்கிறது. அந்தப் பகுதி அக்காவுடையது. அதில் அவளைச் சரிபார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

குருவி சரியான எண்ணைப் போட்டுச் சின்னதாக ஒன்று ஓட்டிப் பார்த்தாள். மெல்லிய தட்டு, அழகாகச் சுழன்றது. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

துறைத் தலைவரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதட்டாத மனிதர். "கணினி மையம் நமக்குக் குடுத்த நேரம் பாதிக்குமேல போயிடுச்சு. இப்ப நிறுத்தினா, முதல் நட்சத்திரத்துக்கு முன்னாடி சேமிச்ச இடத்துலேருந்து திரும்ப ஓட்டலாம். இன்னும் விட்டா அதுக்கும் நேரம் இருக்காது."

"தெரியும் சார்."

"அப்புறம் என்ன?"

"வியாழக்கிழமை வரைக்கும் விடுங்க சார்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. மாஸ்டரை வராந்தாவில் அவரும் பார்த்திருக்கிறார்.

வியாழக்கிழமை மாஸ்டர் நனைந்துகொண்டு வந்தார். சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றிய பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து வைத்தார். குருவி வீட்டிலேயே ஒத்திகை பார்த்து வந்த பொய்யை எடுத்துவிட்டாள்.

"மாமா, மெஷின்ல ஒரு கோளாறு. ஓட்டத்த நிறுத்த வேண்டியிருக்கு."

"என்ன கோளாறு?"

"அது... உள்ள ஒரு பாகம்..."

"குருவி." அவர் தலையைத் துவட்டுவதை நிறுத்தினார். "சிக்னல பாத்தேன்னு சொல்லிட்டுப் பாக்காம வண்டிய விடற பசங்கள தெனமும் பக்கத்துல உக்கார வச்சுக்கறேன். எனக்குத் தெரியாதா? சொல்லு."

சொன்னாள். எண், பூஜ்யம், வெடிப்பு, கட்டி. அவருக்குப் புரியும்படி, "பிரேக் பிடிக்கல மாமா. எல்லாம் வேகமா உள்ள போய் விழுந்துடுச்சு" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அந்த நம்பர யாரு போட்டது?"

குருவி பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"அவளா?"

"உடம்பு முடியாத நேரம் மாமா. மருந்து மயக்கம். யாருக்கு வேணா..."

"ரெண்டு தடவ சரிபாக்காம ஒரு வேலை செய்யமாட்டா அவ. கேஸ அணைச்சாச்சான்னு மாடிப்படி ஏறி வந்து பாத்துட்டுத்தான் போவா." அவர் திரையின் பக்கம் திரும்பினார். "அவளுக்குத் தெரியுமா? போறப்ப?"

"இல்ல மாமா. அப்ப எல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுது. சந்தோஷமாத்தான் இருந்தாங்க."

அவர் தலையை ஆட்டினார். அது ஓர் ஆறுதலாக இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த நிமிடமே எழுந்து நின்றுவிட்டார்.

"அப்ப இத்தன நாள் நான் வந்து பாத்ததெல்லாம்?"

"கரும்பொருள் சரி மாமா. அந்த இழை, குழி எல்லாம் அப்படியே வரும். முதல் நட்சத்திரத்துக்கு முன்னாடி வரைக்கும் எதையும் தொடப்போறதில்ல. அக்கா ஓட்டினது அப்படியே இருக்கும். அதுக்கப்புறம்தான்..."

"இருட்டு வரைக்கும் சரி. வெளிச்சம் வந்ததுலேருந்து தப்பு. அப்படித்தானே?"

குருவி தலையை மட்டும் அசைத்தாள்.

"விட்டுடேன்" என்றார் திடீரென்று. கெஞ்சலாக இருந்தது, அவர் கெஞ்சி அவள் கேட்டதில்லை. "தப்பாவே ஓடட்டும். யாருக்கு என்ன போச்சு? இன்னும் கொஞ்ச நாள்ல தானா முடிஞ்சுடும்னியே. முடியட்டும். அவ ஆரம்பிச்சது அவளோடதாவே முடியட்டும். பாப்பாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? உங்கம்மா உன்ன விட்டுட்டு வந்து உக்காந்து செஞ்சது தப்பாப் போச்சுன்னா?"

"மாமா, அக்கா இருந்திருந்தா அவங்களே இன்னிக்கே நிறுத்தியிருப்பாங்க."

"இருந்திருந்தா" என்றார் மாஸ்டர். "இல்லையே." நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, குடையே இல்லாதவர், மழையில் இறங்கிப் போனார்.

மறுநாள் காலை குருவி நிறுத்த உட்கார்ந்தாள். கை வரவில்லை. காபி குடித்தாள், மெயில் பார்த்தாள், மேசையைத் துடைத்தாள். அப்போது கதவருகில் யாரோ நிற்பது தெரிந்தது. நெடுநெடுவென்று, தோளில் கல்லூரிப் பை, அக்காவின் நெற்றி.

"அப்பா ராத்திரி சொன்னாரு" என்றாள் பாப்பா. "நீங்க நிறுத்தாதீங்கன்னு சொல்ல வரல. அப்படி நினைச்சுக்காதீங்க."

"உள்ள வாம்மா."

அவள் உட்காரவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரோரம் கிடந்த பழைய சோபா, அதன்மேல் மடித்து வைத்த போர்வை, மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி.

"அம்மா இங்க வந்து என்னதான் பண்ணாங்க? வீட்ல உக்கார முடியாம, படுக்க முடியாம, ஆட்டோ பிடிச்சு வந்தாங்களே. அப்படி என்ன பண்ணாங்க? அதுவும் இப்ப தப்புங்கறீங்க."

சொல்லாதே என்று அக்கா கையைப் பிடித்துச் சொன்ன விஷயம் அது. குருவி இத்தனை மாதம் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இனியும் மறைக்க முடியவில்லை.

"பாதி நேரம் இந்த சோபால படுத்திருப்பாங்க. அவங்க சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். முடிஞ்சப்ப அவங்களே அடிப்பாங்க. மீதி நேரம்..." வாளியைப் பார்த்தாள். "வீட்ல வாந்தி எடுத்தா நீ பாத்ரூம் கதவுக்கு வெளிய நின்னு அழுவியாம். அவங்களுக்கு அது தாங்கல. 'அவ அழறது கேக்கக்கூடாதுன்னு நான் சத்தமில்லாம வாந்தி எடுக்கப் பாக்கறேன் குருவி, வரமாட்டேங்குது'ன்னு சொல்வாங்க. சொல்லிட்டுச் சிரிப்பாங்க. இங்க வந்தா தாராளமா எடுக்கலாம்னு."

பாப்பாவின் பார்வையும் வாளிக்குப் போனது.

"வேலைக்காக மட்டும் வரலம்மா அவங்க. உன்ன விட்டுட்டு வரல."

இதைச் சொன்னால் பெண்ணின் பாரம் குறையும் என்று குருவி நம்பியிருந்தாள். குறையவில்லை. பாப்பாவின் உதடு கோணியது.

"அப்ப நான் அழாம இருந்திருந்தா வீட்டிலேயே இருந்திருப்பாங்களா?"

"ஐயோ, அப்படி இல்லடா..."

"நான் அவங்ககூட இருக்கத்தானே அங்க நின்னேன். கதவத் தட்டினா கோவிச்சுக்குவாங்கன்னுதான் வெளியவே நின்னேன்." அவள் சோபாவின் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? அழாதடின்னு திட்டியிருக்கலாம்ல? நான் அழாம இருந்திருப்பேனே."

குருவி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஓயாத வாய் என்று பேர் வாங்கியவள், அந்தப் பெண்ணின் முதுகில் கையை மட்டும் வைத்தாள். பாப்பா போர்வையை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்; அழுது முடிப்பதற்குள் காலைப்பொழுது பெரும்பாலும் கழிந்துவிட்டது. யாரோ கதவைத் திறந்து, பார்த்து, மெல்லச் சாத்திவிட்டுப் போனார்கள்.

"இப்ப நிறுத்தணுமா?" என்று கேட்டாள் பிறகு, மூக்கைத் துடைத்தபடி.

"ஆமா. நீ வேணா நிறுத்தறியா?"

"வேணாம். நீங்களே நிறுத்துங்க. நான் இருக்கேன்."

நிறுத்துவது ஒரு வரி. குருவி அடித்தாள். திரையில் நகர்ந்துகொண்டிருந்த எண்கள் நின்றன. வேறு சத்தமில்லை, வேறு மாற்றமில்லை. பாப்பா இன்னும் ஏதோ நடக்கப்போகிறது என்பதுபோல் காத்திருந்தாள். பிறகு, "அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான்."

எண்ணைத் திருத்தி, பழைய இடத்திலிருந்து மறுபடி ஓடவிட்டபோது, இந்த முறை துறைத் தலைவர் ஒரு தடவை, குருவி ஒரு தடவை, இன்னொரு மாணவி ஒரு தடவை என்று எல்லோரும் சரிபார்த்தார்கள். அதற்குள் பாப்பா வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

மாஸ்டர் அடுத்த வியாழக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. குருவி போன் செய்தால் எடுப்பார். சாப்பிட்டியா, உங்கம்மா எப்படி இருக்காங்க என்று விசாரிப்பார். ஓட்டத்தைப் பற்றிக் கேட்கமாட்டார். வியாழக்கிழமை மதியம் புதிதாக ஒரு வகுப்பு போட்டுவிட்டதாக ஒருமுறை சொன்னார். "சும்மா உக்காந்திருந்தா கால் தானா அங்க வந்துடுது" என்றார். அவர்மேல் குருவிக்கு வருத்தமில்லை. ஆனால் வியாழக்கிழமை மதியங்களில் அவள் அறைக்கதவைச் சாத்தியே வைத்தாள்.

கோடை முடியும் தறுவாயில் ஓட்டம் முடிந்தது. அக்கா தேர்ந்தெடுத்த குழியில், அக்கா தேர்ந்தெடுத்த அதே இடத்தில், மெல்லிய தட்டு ஒன்று சுழன்றது. சுருள் கரங்களில் இளம் நட்சத்திரங்கள் நீலமாக இருந்தன. துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். கட்டுரையில் முதல் பெயர் அக்காவுடையது என்றார். யாரும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி போட்டு, கீழே, காலமானார் என்று போட வேண்டியிருந்தது. குருவிதான் அதை அடித்தாள்.

பாப்பா ஒருநாள் வந்து பார்த்தாள். அழகா இருக்கு என்றாள். அம்மா உயிரோடு இருந்தபோது ஓடிய பகுதியைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். குருவி போட்டுக் காட்டினாள். அதில் பார்க்க ஒன்றுமில்லை, மங்கலாக ஏதோ திரளும், கலையும், மறுபடி திரளும். பாப்பா முழுவதையும் பார்த்தாள். போகும்போது, அப்பாவிடம் தானே சொல்வதாகச் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து மாஸ்டரிடமிருந்து போன் வந்தது. வண்டிக்குள்ளிருந்து பேசினார்.

"பாப்பா சொன்னா குருவி. நல்லா வந்திருக்காமே."

"ஆமா மாமா. வந்து பாக்கறீங்களா?"

"இல்லம்மா. கோவம் எல்லாம் இல்ல. அதப் பாத்தா, அவள கூப்பிட்டுக் காட்டணும்னு தோணும். அது ஒண்ணுதான்" என்றார்.

"சரி மாமா."

போனை வைக்க இரண்டு பேருக்கும் மனமில்லை. அந்தப் பக்கம் தெருவில் ஒரு லாரி போனது. அவர் எப்போதோ போட்ட இண்டிகேட்டர் அணைக்கப்படாமல் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஸ்டூடண்ட் வந்துட்டா" என்றார் கடைசியில். "வைக்கறேம்மா."